அவர் தலை ஆட்டுவதில்லை

துண்டைத் தரும்போது உள்ளங்கையைக் கவிழ்த்துத்தான் தருவார். வாங்குகிறவர் தன் கையை மல்லாத்தி நீட்ட வேண்டும். இரண்டு கைக்கும் நடுவில் அந்தச் சின்னக் காகிதம் இடம் மாறிவிடும். ஒட்டிக்கொண்டு நிற்கிறவருக்குக்கூட என்ன இலக்கம், எந்த அறை, என்ன வருத்தம் என்று தெரியாது. பார்த்தால் கைக்குள் இலஞ்சம் வைக்கிற மாதிரி இருக்கும். ஆனால் அது இலவச ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரி வாசல் மேசையில் இருந்து நோயாளருக்குத் துண்டு எழுதுவதால் அவரைத் துண்டக்கா என்றோம். வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. பெயர் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். வட்டுக்கோட்டைக்குப் போகிற வழியில் உள்ள சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி என்ற அளவோடு இடத்தையும் விடுகிறேன்.

நான் மருதனார்மடம் சந்தையில் மரக்கறி விற்கிறவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். எதற்கும் பயப்படுகிற சுபாவம். விடிய வீட்டில் இருந்து வெளிக்கிட்டு ஆஞ்சநேயர் கோயிலடி வரை வந்து, வாசல் படலையைப் பூட்டினேனா என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போன நாட்கள் கணக்கில்லை. போய்ப் பார்த்தால் பூட்டித்தான் இருக்கும். பூட்டி இருப்பதைப் பார்த்த பிறகு, உள்ளே அடுப்பை அணைத்தேனா என்ற யோசனை வரும்.

என் மகனுக்கு இருபத்திரண்டு வயது. தூள் பாவித்தான். இந்த இரண்டு சொல்லையும் வெளியே சொல்ல எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அந்த ஒரு வருடமும் எங்களை மூடி வைத்திருந்தவர் துண்டக்கா.

அவர் எல்லாவற்றையும் மூடுவார். குடிக்கிற தேநீர்க் கிளாசை மூடி வைப்பார். சைக்கிள் கூடையில் இருக்கிற பையைத் துவாயால் மூடுவார். மேசை லாச்சிக்குள் பழுப்புத் தாள் அடுக்கி வைத்திருப்பார். கிளினிக்குக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு கொப்பி கொண்டுவர வேண்டும், அதில்தான் டொக்ரர் மருந்து எழுதுவார். உறை போடாத கொப்பியைக் கண்டால், "எடுங்கோ இஞ்சாலை" என்று வாங்கித் தானே பழுப்புத் தாளில் உறை போட்டுத் தருவார். சீனி வருத்தக்காரர், இரத்த அழுத்தம் கூடின பிறசர்க்காரர், என் மகன், எல்லாருக்கும் ஒரே பழுப்பு. வெளியே பெயர் இல்லை, இலக்கம் மட்டும்.

இன்னொன்று, அவர் தலை ஆட்டுவதில்லை. எங்கள் சனம் கதைக்கும்போது தலை சும்மா இருக்காது. அவருடையது மட்டும் இறுக்கி வைத்த மாதிரி நிற்கும். ஓம் என்றால் வாயால் ஓம், இல்லை என்றால் வாயால் இல்லை. ஒருநாள் ஒரு கிழவி நேராகவே கேட்டுவிட்டார்.

"பிள்ளை, கழுத்திலை சுளுக்கோ?"

"இல்லையம்மா. பழக்கம்."

"நல்லெண்ணெய் சூடாக்கித் தடவிப் பார்."

"ஓமம்மா" என்றார், தலையை அசைக்காமல்.

போதைத் தூள் பாவிக்கிறவர்களுக்கு என்று அந்த ஆஸ்பத்திரியில் கிளினிக் தொடங்கியபோது அது வெள்ளிக்கிழமையில் நடந்தது. பட்டணத்தில் இருந்து ஓர் இளம் டொக்ரர் வருவார். வாசலில் பெரிய எழுத்தில் அதைச் சொல்லும் ஒரு பலகை. நானும் மகனை இழுத்துக்கொண்டு நான்கு வெள்ளிக்கிழமை போனேன். நான்கு தரமும் பலகையைக் கண்டதும் சைக்கிளை நிறுத்தாமல் நேரே போய், அடுத்த சந்தியில் திரும்பி வீட்டுக்கு வந்தோம். நான்காம் தரம் மகன், "அப்பா, இதிலை எத்தினை சுத்து வரப்போறம்? கோயில் எண்டாலும் மூண்டு சுத்துத்தான்" என்றான்.

நாங்கள் மட்டும் இல்லை, ஒருவருமே உள்ளே போகவில்லை. டொக்ரர் ஒரு மாதம் தனியே உட்கார்ந்திருந்தாராம். துண்டக்காதான் அவரிடம் போய்ச் சொன்னாராம்: "வெள்ளிக்கிழமை ஊர்ச் சனம் முழுக்க இந்த வாசலாலைதான் கோயிலுக்குப் போறது. டொக்ரர், ஆர் உள்ளுக்கை வருவினம்? புதன்கிழமைக்கு மாத்துங்கோ. அண்டைக்குச் சீனிக் கிளினிக். சனத்தோடை சனமா வருவினம்." பலகையைத் தானே கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டார். எழுத்து சுவரைப் பார்த்தபடி.

முதல் புதன்கிழமை நான் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். நல்ல வெயில். மகன் நீளக் கை சட்டை போட்டிருந்தான்.

"என்ன வருத்தம்?"

நான் திரும்பி மகனைப் பார்த்தேன்.

"ஆருக்கு அண்ணை? உங்களுக்கோ தம்பிக்கோ?"

"எனக்கு" என்றேன். நினைத்துச் சொன்னது இல்லை, வாய் அப்படிச் சொன்னது.

அவர் மகனுடைய சட்டைக் கையை ஒருமுறை பார்த்தார். பிறகு பேனையை எடுத்தார்.

"என்ன எழுத?"

"சீனி எண்டு எழுதுங்கோ."

சீனி என்று எழுதினார். கையைக் கவிழ்த்து இரண்டு துண்டு தந்தார். "தம்பி, நீங்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள். சரியோ? அந்த அறையிலை இருக்கிற டொக்ரரிட்டைப் போய் அப்பாவைப் பற்றிக் கதையுங்கோ." பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "நான் ஒண்டும் காணேல்லை. நீங்களும் ஒண்டும் சொல்லேல்லை" என்றார்.

அந்த ஒரு வருடத்தில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பார் என்று தெரியாது. எனக்குத் தனியாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன்.

மகன் அந்த அறைக்குள் போக, நான் சீனிப் பக்கம் போய் விரலில் ஊசி குத்திக்கொண்டேன். அங்கே இருந்த தாதி, எங்களுக்கு மிஸ்ஸி, இரண்டு மூன்று கிழமை பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணை, உங்களுக்குச் சீனி இல்லையே? என்னத்துக்கு வாறியள்?"

மேசையில் இருந்தபடியே துண்டக்கா குரல் கொடுத்தார்: "கூடிக் குறையும் மிஸ்ஸி. அடுத்த கிழமை பாப்பம்."

காத்திருக்கிற இடத்தில் நாலைந்து பேர் இருக்கக்கூடிய ஒரு நீளமான வாங்கு கிடந்தது. ஒரு கால் குட்டை. ஒரு பக்கத்தில் இருப்பவர் எழும்பினால் மறு பக்கம் 'டக்' என்று தரையில் அடிக்கும். இருக்கிறவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஒரு புதன்கிழமை அந்த வாங்கில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தவர் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். அவருடைய தம்பி மகனுக்கு என் மகளைக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். சாதகம் பொருந்தி, இரண்டு வீடும் ஓம் என்றிருந்த நேரம். அவருக்கு உண்மையாகவே சீனி வருத்தம்.

"என்ன, நீரும் இஞ்சையோ?" என்று கேட்டார். கேட்டபடியே அவர் பார்வை, டொக்ரரின் அறையில் இருந்து வெளியே வந்த என் மகன் மீது போனது. மகன் முகம் வெளிறி, மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

அப்போது மேசையில் இருந்து ஒரு சத்தம். குரலே உயர்த்தாத துண்டக்கா கத்தினார்.

"அண்ணை! உங்களுக்கு எத்தினை தரம் சொல்லுறது? கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைக் கண்டால் கை நிக்காதோ? பாருங்கோ, பெடியன் பயந்து அழுதுகொண்டு வாறான். தம்பி, அப்பாவின்ரை கையைக் கட்டி வையுங்கோ!"

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தபாலதிபரும் சிரித்து, என் தொடையில் தட்டி, "எனக்கும் உதே கதைதான்" என்றார்.

அதோடு ஊரெல்லாம் எனக்குச் சீனி வருத்தம் என்று ஆகிவிட்டது. சந்தையில் தேநீர் கொண்டுவருகிறவர் சீனி போடாமல் கொண்டுவந்தார். கலியாண வீட்டில் எனக்கு முன்னால் இருந்த பலகாரத் தட்டை ஒரு பெண் எடுத்து அடுத்தவருக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார். கோயிலில் பஞ்சாமிர்தம் கொடுக்கிற ஐயர் என்னைக் கண்டதும் கரண்டியைக் கால்வாசிக்குக் குறைத்தார். நான் ஒளித்து ஒளித்துப் பனங்கட்டி தின்றேன். பயத்தோடு தின்கிற பனங்கட்டியில் இனிப்புத் தெரிவதில்லை.

சிரிக்க இருந்தது அவ்வளவுதான். மகன் நான்கு மாதம் நல்லாக இருந்தான். பிறகு தூளில் விழுந்தான். திரும்ப எழும்பினான். திரும்ப விழுந்தான். கடைசி முறை நான் அவனை வீட்டுப் பின்வளவில் கிணற்றடியில் கண்டேன். பட்டப்பகல். குந்தியிருந்து தன் இரண்டு கையையும் தானே கட்டிப்பிடித்துக்கொண்டு நடுங்கினான்.

"அப்பா, தனிய என்னாலை ஏலாது. எங்கையாவது கொண்டுபோய்க் கட்டிப் போடுங்கோ."

டொக்ரரும் அதைத்தான் வேறு விதமாகச் சொன்னார். கிழமைக்கு ஒருநாள் வந்து போவது இவனுக்குக் காணாது, மூன்று நான்கு கிழமை கட்டிலில் வைத்துப் பார்க்க வேண்டும். அரசாங்க இடம் மிகத் தூரத்தில் இருந்தது. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். தனியார் இடம் ஒன்றில் எவ்வளவு என்று கேட்டேன். கேட்டதோடு சரி.

ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆறு கட்டில் இருந்தது. முன்பு பிள்ளைப்பேற்றுக்கு இருந்து மூடிப்போன பின்பக்க நோயாளர் விடுதியில், பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் அடுக்கிக் கிடந்தது. அரசாங்கம் இந்த வருத்தத்துக்கு என்றே அனுப்பிய கட்டில்கள். அவற்றைத் திறந்து நடத்த மிஸ்ஸிமாரும் மருந்தும் சாப்பாடும் வேண்டும். அதற்குக் காசு ஒதுக்க, எத்தனை பேர் வருகிறார்கள் என்று மேலே தெரிய வேண்டும். நான் ஒவ்வொரு புதன்கிழமையும் யன்னலால் எட்டி அந்தக் கட்டில்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். ஆறும் இருக்கும். இருந்தும் பயமாக இருக்கும்.

அந்தப் பயம் ஒருநாள் உண்மையாகிப்போனது. நானும் மகனும் டொக்ரருக்கு முன்னால் இருந்தோம். அவர் கையில் ஒரு கடிதம். துண்டக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, இந்தக் கிளினிக்குக்கு வருஷம் முழுக்க அஞ்சு பேர்தான் வந்தவையாம். அஞ்சு பேருக்காக விடுதி திறக்க ஏலாதாம். கட்டிலை வேறை இடத்துக்கு ஏத்தப் போகினமாம். நான் புதன்கிழமையிலை பாத்துப் பாத்துக் களைச்சுப் போறன். மிச்சப் பேர் எங்கை?"

மேசையில் திறந்து கிடந்த தேநீர்க் கிளாசைத் துண்டக்கா மூடினார்.

"அக்கா, உங்களைத்தான். நான் பாத்த ஆக்கள் எங்கை?"

"சீனியிலை."

"என்ன?"

"சீனியிலை எழுதினனான். பிறசரிலை எழுதினனான். கொஞ்சப் பேரை நித்திரைக் குறைவு எண்டு எழுதினனான். அவை கேட்டவை, நான் எழுதினனான்."

"ஏனக்கா?"

"பேர் மேலை போகக்கூடாது எண்டு."

டொக்ரர் அலுமாரியைத் திறந்து, மாதாமாதம் அனுப்புகிற படிவத்தை எடுத்து மேசையில் விரித்தார். ஆங்கிலத்தில் அச்சடித்தது. "பேர் ஆர் கேட்டது? இதிலை பேர் எழுத இடமே இல்லை. வந்த ஆளுக்கு ஒரு கோடு. அவ்வளவுதான் கேக்கினம்." பிறகு தன் கையெழுத்து இருந்த இடத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "நானும் பாக்காமல் கையெழுத்து வைச்சனான்."

துண்டக்கா அந்தத் தாளின் மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தார். பெயருக்கு ஓர் இடம் இருக்கும் என்று தேடுகிற மாதிரி. இல்லை. அவர் முகத்தை அன்றைக்குப் போல நான் கண்டதில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சீனி என்று எழுதச் சொன்ன வாய் என் வாய்.

கட்டிலை ஏற்றுவதற்கு முன்பு இடத்தைப் பார்க்க அடுத்த புதன்கிழமை அதிகாரிகள் வருவதாக இருந்தது. அன்றைக்கே லொறியும் வரும்.

இடையில் ஒருநாள் துண்டக்கா சந்தைக்கு வந்தார். அதற்கு முன் என் கடைக்கு வந்ததே இல்லை. வெளியில் என்னைக் கண்டால் தெரியாத மாதிரிப் போகிறவர். கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்து, பார்த்து, திரும்ப வைத்தார்.

"நான் உங்களிட்டை ஒண்டும் கேக்க வரேல்லை அண்ணை. கத்தரிக்காய் வாங்க வந்தனான்."

"ஓமக்கா."

"புதன்கிழமை வாங்கோ எண்டு நான் சொல்லமாட்டன்."

"ஓமக்கா."

போகவில்லை, இன்னொரு கத்தரிக்காயை எடுத்தார். நான்தான் கேட்டேன். பயந்தவன் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "அக்கா, நீங்கள் ஏன் எங்களை இப்பிடி ஒளிச்சு வைச்சனீங்கள்? நாங்கள் வெக்கத்திலை கேட்டம். நீங்கள் மாட்டன் எண்டிருக்கலாமே?"

கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"சண்டைக் காலத்திலை ஆமிக்காரர் எங்கடை ஊரைச் சுத்தி வளைச்சு, எல்லாரையும் பள்ளிக்கூட வளவுக்கை வரிசையா நடக்க விட்டவை. தலையிலை சாக்கு மூடின ஒருத்தன் கதிரையிலை இருந்தவன். எங்கடை ஊர் ஆளாத்தான் இருக்கவேணும், எல்லாரையும் தெரிஞ்சவன். நான் முன்னாலை போனன், அவன் சும்மா இருந்தான். எனக்குப் பின்னாலை என்ரை அண்ணை வந்தவர். அவன் தலையை ஆட்டினான்."

நான் தராசைக் கீழே வைத்தேன்.

"ஒருக்கால்தான் ஆட்டினவன். அண்ணையை அதோடை நாங்கள் காணேல்லை. எனக்கு ஆரையும் காட்டிக் குடுக்கத் தெரியாது, அண்ணை. பேர் எழுதுற வேலையிலை வந்து விழுந்திட்டன், என்ன செய்ய?"

அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கி, கூடையில் வைத்து, துவாயால் மூடிக்கொண்டு போனார்.

புதன்கிழமை வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிளினிக்கில் தபாலதிபர் இருப்பார். அவர் பார்க்க நான் எப்படி உண்மையைச் சொல்லுவேன்? மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க அடுத்த கிழமை வருவதாக இருந்தது. தாய் இல்லாமல் வளர்ந்த பிள்ளை என் மகள். அவளிடம் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சொல்லத் தொடங்கி, சுற்றி வளைத்து, வெங்காய விலையில் போய் நின்றேன்.

"அப்பா, உங்களுக்குச் சீனி இல்லை எண்டு எனக்கு எப்பவோ தெரியும். பனங்கட்டியை ஓலைக் குட்டானோடை அரிசிப் பானைக்குள்ளை ஒளிச்சு வைக்கிறியள், அரிசி எல்லாம் எறும்பு" என்றாள் மகள். பிறகு சுளகைக் கீழே வைத்தாள். "நான் வீட்டிலைதானே இருக்கிறன். எங்கையும் ஓடிப்போகேல்லை. தம்பியைப் பாருங்கோ."

புதன்கிழமை வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் லொறி நின்றது, பின்கதவு திறந்தபடி. அதிகாரி அம்மா ஒருவரும் அவரோடு கூட ஒருவரும் வந்திருந்தார்கள். அந்த அம்மா கெட்டவர் இல்லை. களைத்துப் போயிருந்தார். அவர் துண்டக்காவின் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். நாங்கள் எல்லாரும் பழுப்புக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தோம். குட்டைக் கால் வாங்கில் ஒரு முனையில் நான், பக்கத்தில் மகன், மறு முனையில் தபாலதிபர்.

"இதிலை அஞ்சு பேர்தான் இருக்கினம்" என்றார் அந்த அம்மா. "டொக்ரர் கனபேர் எண்டு எழுதியிருக்கிறார். நான் எதை நம்புறது?"

"புத்தகம் பிழை மிஸ்" என்றார் துண்டக்கா. "நான்தான் பிழையா எழுதினனான். தெரிஞ்சு எழுதினனான்."

"இதுக்கு விசாரணை வரும். தெரியுமோ?"

"ஓம்."

"பென்சனையும் பாதிக்கும்."

"ஓம் மிஸ்."

"சரி. இப்ப இதிலை இருக்கிற ஆக்களிலை ஆர் ஆர் அந்தக் கிளினிக்குக்கு வந்தவை? காட்டுங்கோ, நான் எண்ணிக்கொண்டு போறன்."

"காட்டமாட்டன்."

அந்த அம்மா பேனையை மூடினார். "அப்ப நான் என்ன செய்ய? கட்டிலை ஏத்தச் சொல்லுறதுதான்."

துண்டக்கா எங்கள் பக்கம் பார்க்காமலே சொன்னார். கூடம் முழுக்கக் கேட்டது.

"எழும்ப விருப்பமான ஆக்கள் எழும்புங்கோ. பேர் சொல்லத் தேவையில்லை. எழும்பாத ஆக்கள் இருங்கோ, அதுவும் சரி. நான் ஒண்டும் காணமாட்டன்."

சொல்லிவிட்டுத் தன் கதிரையைத் தூக்கிச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகு காட்டி இருந்தார். அலுமாரிக்குப் பின்னால் கிடந்த பலகையைப் போல.

ஒருவரும் அசையவில்லை. வாசலில் லொறிக்காரர் யாருடனோ போனில் கதைப்பது கேட்டது. என் பக்கத்தில் இருந்த மகன் கொப்பியை வாங்கில் வைத்தான். அவன் எழும்ப வெளிக்கிட்டான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

இதை மறைக்காமல் எழுத வேண்டும். கட்டிப் போடுங்கோ அப்பா என்று கேட்ட பிள்ளை தானாக எழும்ப, பிடித்து இருத்தியது நான். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. நான்காம் வெள்ளிக்கிழமை சைக்கிளில் வந்தபோது பார்த்த அதே பார்வை, இன்னும் எத்தனை சுற்று என்பதுபோல.

நான் கையை விட்டேன். பிறகு நானும் அவனும் ஒன்றாக எழும்பினோம்.

'டக்'.

வாங்கு மறு முனையில் போய் இடித்தது. தபாலதிபர் ஒரு பக்கம் சரிந்து, "ஐயோ" என்று கொப்பியைக் கீழே போட்டார். கூடமே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா என் கையில் இருந்த சீனித் துண்டைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, நீங்கள் சீனிக் கிளினிக் இல்லையோ?"

"எனக்குச் சீனி இல்லை மிஸ்" என்றேன். "ஒருநாளும் இருந்ததில்லை."

எனக்குப் பின்னால் கதிரை ஒன்று இழுபட்டது. பிறகு இன்னொன்று. பிறகு சுவரோரத்தில் சேலை சரசரத்தது. நான் திரும்பவில்லை. யாரும் யாரையும் பார்த்த மாதிரித் தெரியவில்லை. எல்லாரும் துண்டக்காவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த அம்மாவின் உதடு மட்டும் எண்ணிக்கொண்டே போனது. கூடத்தின் மறு பக்கம் போய்த் திரும்பி வந்தும் எண்ணி முடியவில்லை. எத்தனை பேர், யார் யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

லொறி வெறுமையாகப் போனது.

நான்கு நாளில் மாப்பிள்ளை வீட்டில் இருந்து ஆள் வந்தது. சாதகத்தைத் திரும்பப் பார்த்தார்களாம், பொருந்தவில்லையாம். மகள் கோப்பையைக் கழுவிக்கொண்டே, "முந்தநாள் பொருந்தின செவ்வாய் இண்டைக்கு எங்கை போச்சுதாம்? வீடு மாறிட்டாரோ?" என்று கேட்டாள். சிரிக்கத்தான் சொன்னாள். நான் அன்றைக்கு முழுக்க அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே திரிந்தேன். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது.

விடுதி திறக்கக் காசு வர மூன்று மாதம் எடுத்தது. அந்த மூன்று மாதமும் எப்படிப் போனது என்று எழுத எனக்குத் தெம்பு இல்லை. மகன் உயிரோடு இருந்தான். அதுதான் அந்த மூன்று மாதத்துக் கதை. சந்தையில் இருந்து வீட்டுக்கு வரும்போது படலை பூட்டி இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் போய், கிணற்றடியைப் பார்க்கிற பழக்கம் வந்தது.

துண்டக்கா மேல் விசாரணை வந்தது. பொய்ப் பதிவு. தூர இடத்துக்கு மாற்றம் என்று கடிதம் வந்தது. பென்சன் என்னவாகும் என்று இன்னும் முடிவில்லை. விடுதி திறந்த கிழமைதான் அவருக்கு அங்கே கடைசிக் கிழமை. நாங்கள் போனபோது அவர் பின் விடுதியில் கட்டில்களின் பிளாஸ்டிக் உறையைக் கத்தரிக்கோலால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தார். மூடுவதையே நான் கண்ட அந்தக் கை உரிப்பதை அன்றைக்குத்தான் கண்டேன். எங்களைக் கண்டதும் கத்தரிக்கோலை வைத்துவிட்டு மேசைக்கு வந்து இருந்தார். புதுப் புத்தகம். அதற்கு உறை போட்டிருக்கவில்லை.

வரிசை நீளமாக இருந்தது. சீனிக்காரர்கள், பிறசர்க்காரர்கள், எங்கள் ஆட்கள், எல்லாரும் கலந்துதான் நின்றார்கள். எனக்குப் பின்னால் இரண்டு பேர் தள்ளித் தபாலதிபர் நின்றார். நான் அதைக் கண்டேன். கண்டும் வரிசையை விட்டு விலகவில்லை.

துண்டக்கா பேனையைத் திறந்தார். என்னையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன எழுத?"

"என்ரை மகன் தூள் பாவிச்சவன் அக்கா" என்றேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. "நிப்பாட்ட வந்திருக்கிறான். கட்டில் வேணும். உள்ளதை எழுதுங்கோ."

அவர் உடனே எழுதவில்லை. மகனைப் பார்த்தார். "தம்பி, எழுதவோ?"

"எழுதுங்கோ அக்கா" என்றான் மகன்.

துண்டக்காவின் தலை ஒருமுறை மெதுவாகக் கீழே போய் மேலே வந்தது. பிறகு குனிந்து எழுதத் தொடங்கினார்.